செவ்வாய்க்கிழமை நாலு மணி

ட்ரிங்... ட்ரிங்...

ஹாலில் டெலிபோன் அலறியது!

செவ்வாய்க்கிழமை. சரியாக மாலை நாலு மணி.

நாச்சியம்மாள் பதறி ஓடி வரவில்லை. மூன்றே முக்காலிலிருந்தே டெலிபோனுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். டீப்பாயின் மேல் இரண்டு டம்ளர் காப்பி. ஒன்று அவளுக்கு. இன்னொன்று...

ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

பதில் இல்லை.

மூச்சு மட்டும் கேட்டது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு விடும் மூச்சு.

"தமிழு... நீதானே கண்ணு?"

மூச்சு ஒரு கணம் நின்றது. மறுபடி வந்தது.

"சாப்பிட்டயா? ராத்திரியெல்லாம் தூக்கம் வருதா? அன்னிக்கு ஏன் கண்ணு அப்படி இளைச்சுப்போய் வந்தே? நான் பரீட்சைக்குப் படிக்கறயாக்கும்னு உட்டுப்போட்டேன்... கேட்டிருக்கோணும். உனக்கென்ன கஷ்டம்னு கேட்டிருக்கோணும் சாமி..."

'டொக்'!

லைன் அறுந்தது.

அவள் ரிசீவரை வைக்கவில்லை. 'கொய்ய்ங்...' என்ற அந்த இரைச்சலையும் மகனுடைய குரலாக நினைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தமிழ்ச்செல்வன் செத்துப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது!

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடி. காலை ஒன்பது மணிக்கு ரூம் பாய் கதவைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். கதவை உடைத்தபோது தமிழ்ச்செல்வன் குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தான். இருபது வயது. என்ஜினியரிங் மூன்றாம் வருடம். சட்டைப் பையில் மாத்திரை அட்டை. எல்லாக் குழியும் காலி.

அவன் அப்பா மாரப்பனுக்குப் பொள்ளாச்சியில் கொப்பரை மண்டி. கோயமுத்தூர் சாயிபாபா காலனியில் வீடு. நாலு பேரைத் தெரியும். அந்த நாலு பேரில் ஒருவர் ஒரு டாக்டரைப் பார்த்தார். மாத்திரை அட்டை காணாமல் போனது. 'மாரடைப்பு' என்று காகிதம் வந்தது.

ஊரே நம்பியது.

மூன்றாவது மாதத்திலிருந்து இந்த போன்...

பதினோரு செவ்வாய்க்கிழமைகள்!

*

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் ஜீப் நின்றது.

பொள்ளாச்சி இன்ஸ்பெக்டர் வரதராஜுலு இறங்கினார். ஒல்லி உடம்பு. பெரிய மீசை. மீசைதான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வருகிறது என்று ஸ்டேஷனில் சொல்வார்கள்.

மாரப்பன் செய்தித்தாளை மடித்தார். "வாங்க, உக்காருங்க. என்ன விஷயமுங்க?"

"நேத்து மத்தியானம் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுங்க. வால்பாறையில இருந்து ஒரு பஸ் வந்து நிக்குது. எல்லாரும் இறங்கிட்டாங்க. ஜன்னலோரத்துல ஒரு பொண்ணு மட்டும் இறங்கல. தூங்குதுன்னு கண்டக்டர் தோளத் தொட்டிருக்காரு..." வரதராஜுலு நிறுத்தினார். "பத்தொம்போது வயசு. பேரு கிருபா. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்ல தேயிலை பறிக்கறவங்க. லீவு முடிஞ்சு காலேஜுக்குத் திரும்பிட்டிருந்த புள்ளைங்க. கைக்குள்ள இந்த அட்டை."

மேஜை மேல் ஒரு காலி மாத்திரை அட்டையை வைத்தார்.

நாச்சியம்மாள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அந்த அட்டையையே பார்த்தாள்.

"இத எதுக்குங்க எங்கிட்டக் காட்டறீங்க?" மாரப்பனின் குரல் கட்டையாக வந்தது.

"அந்தப் பொண்ணு உங்க பையன் படிச்ச காலேஜுங்க."

"என்ர பையன் நெஞ்சுவலியில செத்தான்!"

"இருபது வயசுலயா?"

"ஆமா! எங்க வம்சத்துல அப்படித்தான்! எனக்கு இன்னொரு புள்ள இருக்குது. நாளைக்கு அவளுக்கு ஒரு எடம் பார்க்கோணும். பேரக் கெடுத்துப்போடாதீங்க. கெளம்புங்க!"

வரதராஜுலு எழுந்தார். கேட் வரை போனார். பின்னால் கொலுசு போடாத கால்கள் ஓடி வரும் சத்தம்.

"ஏனுங்... நில்லுங்க."

நாச்சியம்மாள் மூச்சு வாங்க நின்றாள். வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கடகடவென்று சொன்னாள்... லாட்ஜ், காணாமல் போன அட்டை, செவ்வாய்க்கிழமை போன். எல்லாவற்றையும்.

"என்ர தமிழுதானுங்க பேசறான். பேசறதில்லீங்க... நான் பேசறதக் கேக்கறான்."

"அம்மா..." இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "செத்தவங்க போன் பண்ண மாட்டாங்க. பண்ணாலும் எக்ஸ்சேஞ்சுல லைன் குடுக்க மாட்டாங்க. இது உசுரோட இருக்கற எவனோ. உங்க ஊட்டுல என்ன நடக்குதுன்னு மோப்பம் புடிக்கறான். நேத்து நாலு மணிக்கு எங்கிருந்து வந்துதுன்னு பாத்துச் சொல்றேன். உங்க ஊட்டுக்காரருகிட்ட மூச்சு உடாதீங்க."

வியாழக்கிழமை தகவல் வந்தது.

பொள்ளாச்சி! பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்!

கிருபா செத்துக் கிடந்த இடத்திலிருந்து முப்பது அடி தூரம்!

*

அடுத்த செவ்வாய்க்கிழமை.

நாலு மணி.

ட்ரிங்... ட்ரிங்...

நாச்சியம்மாள் ரிசீவரை எடுத்தாள். 'பேசிக்கிட்டே இருங்க. அஞ்சு நிமிசம் லைன்ல புடிச்சு வெச்சாப் போதும். நான் பஸ் ஸ்டாண்டுல இருந்து பூத்துக்கு வந்துருவேன்' என்று வரதராஜுலு சொல்லியிருந்தார்.

"ஹலோ..."

மூச்சு.

இன்றைக்கு 'கண்ணு' என்று கூப்பிட வாய் வரவில்லை. மகன் என்றால் பேசலாம். மகனைக் கொன்றவன் என்றால்?

"சாப்பிட்டயா..." என்று ஆரம்பித்தாள். "நீ கடைசியா வந்தப்ப என்ர மடியில தலை வெச்சுப் படுத்தே. என்னமோ சொல்ல வந்தே. குக்கர் விசில் அடிக்குது, தள்ளுன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அப்ப என்ன கண்ணு சொல்ல வந்தே?"

மூச்சு உடைந்தது. விசும்பல்!

அடுத்த நொடி, தடால் என்று கதவு திறக்கும் சத்தம் ரிசீவரில் வெடித்தது.

"அசையாதீங்க! திரும்புங்க!" வரதராஜுலுவின் குரல்.

ரிசீவர் எதிலோ மோதும் சத்தம்.

பிறகு இன்ஸ்பெக்டரே திணறினார். "ஏ... ஏனுங்க மாரப்பன்... நீங்களா?"

நாச்சியம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"நாச்சி..." கணவனின் குரல், காதுக்குள் ஈரமாக. "நான்தான் புள்ள."

"நீங்க... நீங்க எதுக்குங்க..."

"அவன் சாகறதுக்கு மொதல் நாளு மண்டிக்குப் போன் பண்ணுனான். 'அப்பா, என்னால உட முடியலீங்கப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு அழுதான். நாக்குக் குழறுச்சு. குடிச்சுப்போட்டுப் பேசறான்னு நெனச்சேன். மண்டியில நாலு பேரு இருந்தாங்க... எனக்கு அவங்க கேட்டுறப் போறாங்கன்னுதான் இருந்துச்சு. 'எங்கயாச்சும் போய்ச் செத்துத் தொலை'ன்னு வெச்சுப்போட்டேன்..."

அவர் அழுவதை இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக அவள் கேட்டாள்.

"உங்கிட்டச் சொல்லிப்போடோணும்னுதான் மொதல் தடவ கூப்பிட்டேன். நேர்ல தைரியமில்ல. நீ எடுத்ததும் 'தமிழா'ன்னு கேட்டுப்போட்டே. அதுக்கப்பறம் நான்தான்னு எப்படிச் சொல்லுவேன்? நீ அவங்கூடப் பேசறதக் கேக்கறதுக்காகவே வாராவாரம் வந்துட்டேன்."

கண்ணாடி பூத்துக்குள் அந்தப் பெரிய மனிதர் குந்த வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வரதராஜுலு ரிசீவரை வாங்கினார். "அம்மா... திருடன் வருவான்னு வலை போட்டேன். இவரு வந்து மாட்டிக்கிட்டாரு. அப்ப மாத்திரை குடுத்தவன் இன்னும் வெளியதான் இருக்கான்."

நாச்சியம்மாளுக்கு அது காதில் விழவில்லை.

ஏனென்றால் முதுகுக்குப் பின்னால், மாடிப்படியிலிருந்து, வேறொரு குரல்.

"அண்ணங்கிட்டயே கேட்டுட்டிருக்கறயேம்மா... எங்கிட்ட எப்ப கேப்பே?"

*

லோகப்பிரியா!

பதினேழு வயது மகள். ஐந்தாவது படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாச் செவ்வாக்கெழமையும் இங்கதான் உக்காந்திருக்கறேன். சாப்பிட்டயா, தூங்குனயா, என்ன கஷ்டம்னு அவன எப்படியெல்லாம் கேக்கறே. ஒரு வாரமாச்சும் போன வெச்சுட்டு மேல ஏறி வந்து எங்கிட்டயும் கேப்பேன்னு..."

நாச்சியம்மாள் மகளைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள்.

கண்ணுக்குக் கீழே கருப்பு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காதில் தோடு இல்லை. எத்தனை நாளாக இல்லை?

"பிரியா... தோடு எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

பாவாடை மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

மாத்திரை அட்டை!

நாச்சியம்மாளின் கை ஓங்கியது. அடிக்கத்தான் ஓங்கியது. மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஓங்கிய கை இறங்கி, அந்தப் பின்னலைத் தொட்டது. மெல்லப் பிடித்துக்கொண்டது.

"எத்தன நாளா சாமி?"

அந்தக் கேள்விதான் அணையை உடைத்தது.

"மூணு மாசமா... அண்ணன் போனதுலயிருந்து தூக்கமே வரலம்மா. கண்ண மூடுனா அவன் அந்தக் கதவோரமா உக்காந்திருக்கறான். நீ இந்தப் போனே கதின்னு இருந்தே. அப்பா மூஞ்சியே பார்க்கறதில்ல. அருண் அண்ணாதான் கேட்டுச்சு. 'இதப் போட்டுக்க, அண்ணன் கனவுல வரமாட்டான்'னு ஒண்ணு குடுத்துச்சு. நல்லாத் தூங்குனேன். அப்பறம் அது இல்லாம உடம்பெல்லாம் வெடவெடங்குது..."

"எந்த அருணு?"

கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அருண்குமார்! தமிழ்ச்செல்வனின் உயிர் நண்பன். பாடையைத் தூக்கிய நாலு பேரில் ஒருவன். 'நான் இருக்கேன்ம்மா' என்று இவள் காலடியில் அழுதவன். வாராவாரம் வந்து இவள் கையால் சாப்பிட்டுவிட்டு, பிரியாவைக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குத் தன் பைக்கில் கூட்டிப் போகிறவன்!

"அண்ணனுக்கும் அதுதான் குடுத்துச்சாம்மா... பரீட்சை பயம் போகும்னு. எனக்குப் போன வாரந்தான் தெரியும். வெளிய சொன்னா எம்பேரு பேப்பர்ல வரும்னுச்சு."

நாச்சியம்மாள் தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரைப் பாய்ந்து எடுத்தாள். லைன் இன்னும் உயிரோடு இருந்தது.

"இன்ஸ்பெக்டர்! அருண்குமார்ங்க! தமிழோட சிநேகிதன்! பிரியாவக் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போக அஞ்சு மணிக்கு வருவானுங்க!"

"நான் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். டவுன்ல இருந்து ஆளனுப்பறேன். கதவச் சாத்திக்கங்க! எவன் வந்தாலும் தொற..."

'சரக்'!

டெலிபோன் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டது.

நாச்சியம்மாள் திரும்பினாள்.

அருண்குமார் ஒயரைக் கையில் சுற்றியபடி சிரித்துக்கொண்டு நின்றான். இன்றைக்கு முன்னாடியே வந்துவிட்டான். அவன் என்றைக்குமே காலிங் பெல் அடித்ததில்லை. வீட்டுப் பிள்ளை அல்லவா!

*

"காப்பி இருக்குதாங்கம்மா?" ஆறிப்போன இரண்டாவது டம்ளரை எடுத்துக் குடித்தான். தமிழ்ச்செல்வனின் டம்ளரை!

பிரியா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

"அந்த அட்டையக் குடு பிரியா."

"குடுக்க மாட்டா." நாச்சியம்மாளின் குரலில் நடுக்கம் போயிருந்தது. "என்ர பையன எதுக்குடா கொன்னே?"

"நான் எங்கீங்கம்மா கொன்னேன்? கேட்டான், குடுத்தேன். அவனுக்கு அளவு தெரியல." டம்ளரை வைத்தான். "போலீஸ்ல சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. ஆனா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. மாரடைப்புன்னு பொய்ச் சீட்டு வாங்குனது உங்க ஊட்டுக்காரரு. பிரியா மூணு மாசமா மாத்திரை போடறா. சாதி சனம் பூரா சிரிக்கும். நாளைக்கு இவள எவங்கட்டுவான்? அதனால... எப்பவும் போல வாயத் தொறக்காம இருங்க. நானும் வாயத் தொறக்கல."

ஆறு மாதமாக இந்த வீட்டின் வாயைக் கட்டியிருந்த கயிறு அதுதான். அதன் மறுமுனை அவன் கையில் இருந்தது.

நாச்சியம்மாள் மகளின் கையைப் பிடித்தாள்.

"பிரியா... அம்மா இப்ப ஒண்ணு செய்யப் போறேன். உன்ர பேரு வெளிய வரும். பரவால்லயா?"

பிரியா ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

"செய்யும்மா."

நாச்சியம்மாள் வாசலுக்கு ஓடினாள். கேட்டைத் திறந்து நடுத் தெருவில் போய் நின்றாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எல்லாரும் வெளிய வாங்க! என்ர பையன் நெஞ்சுவலியில சாகல! மாத்திரை தின்னு செத்தான்! போதை மாத்திரை! நாங்க மூடி மறைச்சுப்போட்டோம்! இப்ப என்ர புள்ளைக்கும் குடுத்திருக்கறான்! குடுத்தவன் இதா என்ர ஊட்டுக்குள்ள நிக்கறான்!"

ஜன்னல்கள் திறந்தன. கடைக்குக் கிளம்பியவர்கள், கோலப்பொடியோடு நின்றவர்கள், டியூஷன் பிள்ளைகள்...

அருண்குமார் வெளியே பாய்ந்தான். பைக்கை உதைத்தான்.

பைக் நகரவில்லை.

முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டுப் பழனியாத்தாள் நின்றாள். சத்தமாகப் பேசி யாருமே கேட்டிராத பெண்மணி. அவள் முகம் வெளுத்திருந்தது.

"அந்த மாத்திரை... வெள்ளை அட்டையா நாச்சி? பின்னால செகப்புக் கோடு போட்டதா?"

"ஆமாக்கா."

"என்ர பையன் தலகாணிக்கடியில இருக்குது. நேத்துல இருந்து எந்திரிக்கவே இல்ல. சும்மா அசதின்னு... கேட்டா ஊருக்குத் தெரிஞ்சுருமேன்னு..."

அவள் சக்கரத்தை விடவில்லை.

இரண்டு பேர் அவள் வீட்டு மாடிக்கு ஓடினார்கள். பையனுக்கு மூச்சு இருந்தது. எவனோ காரை எடுத்தான். பையன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, "அரை மணி தாமதிச்சிருந்தா சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

போலீஸ் வேன் வந்தபோது அருண்குமாரைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். ஒருவரும் அவனை அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள். அடித்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு.

*

மாலை ஆறரை. போலீஸ் ஸ்டேஷன்.

பெஞ்சில் மாரப்பனும் நாச்சியம்மாளும். நடுவில் லோகப்பிரியா. அப்பாவின் துண்டு அவள் தோளில் போர்த்தியிருந்தது. அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்திருந்தது.

மாரப்பன் மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தார். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அப்பா... எனக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தான் கண்ணு. சொல்லு... நான் கேக்கறேன். எங்கயும் போகல."

வரதராஜுலு வந்தார். "பொய்ச் சீட்டுக்கு நீங்க பதில் சொல்லியாகோணுமுங்க மாரப்பன்."

"எல்லாத்தையும் எழுதித் தரேனுங்க. என்ர பேரு எதுல வந்தாலும் பரவால்ல. புள்ளைக்கு மட்டும்..."

"அவ குத்தவாளி இல்லீங்க. நோயாளி. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரும் கூடவே இருங்க. ஒரு வாரம், பத்து நாள் கஷ்டப்படுவா, கத்துவா, உங்களத் திட்டுவா. உட்டுட்டு வந்துறாதீங்க."

மூன்று பேரும் ஜீப்பில் ஏறினார்கள்.

அதே நேரம் ஒரு கார் சீறி வந்து நின்றது. இறங்கியவர் கந்தப்பன். அருண்குமாரின் அப்பா. ஜில்லா முழுவதும் மருந்து சப்ளை செய்யும் மொத்த வியாபாரி. நெற்றி நிறைய விபூதி. பின்னால் ஒரு வக்கீல்.

நேராக உள்ளே போனவர், மகனைப் பார்த்ததும் 'பளார்' என்று ஓர் அறை விட்டார்.

"நாயே! மானத்த வாங்கிப்போட்டயே! இன்ஸ்பெக்டர், இவன உள்ள தள்ளுங்க! இப்படியொரு புள்ளையே எனக்கு வேண்டாம்! எவன்டா உனக்கு அந்த விஷத்தக் குடுத்தான்? சொல்றா!"

அருண்குமார் கன்னத்தைத் தடவினான். சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு அழுகையாகிக்கொண்டிருந்தது.

"நீங்கதானுங்கப்பா!"

கந்தப்பன் ஓரடி பின்வாங்கினார்.

"பொ... பொய்! குடோன்ல இருந்து திருடியிருப்பான்!"

"தினமும் காலேஜ் கெளம்பறப்ப பையில நீங்கதானே வெச்சு அனுப்புனீங்க? சாயங்காலம் வந்ததும் என்ன படிச்சேன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களாப்பா? எத்தன அட்டை போச்சுன்னுதானே கேட்டீங்க? கிருபா செத்துட்டா, இனி என்னால முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே... 'வாயை மூடிட்டுப் போடா'ன்னீங்களே!"

கந்தப்பன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார்.

வரதராஜுலு மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே வரிசை வரிசையாக அட்டைகள். வெள்ளை. பின்னால் சிவப்புக் கோடு.

"உங்க குடோன்ல இருந்து இப்பத்தானுங்க வந்துது. நாப்பது பெட்டி. ஒண்ணுக்கும் பில் கெடயாது. லாட்ஜ்ல அந்த அட்டை காணாமப் போச்சே, அதுக்கு மாரப்பனுக்கு டாக்டரப் பாத்துக் குடுத்த பெரிய மனுசனும் நீங்கதானாமே!"

கந்தப்பனின் விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வழியே வழிந்தது. "இன்ஸ்பெக்டர்... நாம கொஞ்சம் தனியாப் பேசலாமுங்களா?"

வரதராஜுலு மீசையைத் தடவினார். லாக்கப் கதவைத் திறந்து பிடித்தார்.

"எங்கிட்ட எதுக்குங்க? உங்க பையன்கிட்ட பேசுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்... பேசி முடிக்கப் பத்து வருசம் டைம் இருக்குது!"